ஈரல் தானே காய்ச்சும் நஞ்சு

“பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் கைக்குழந்தைக்குக்கூட அதையே ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள்? கெடுப்பது மாத்திரையா, அது உடம்பில் மாறி உண்டாகும் வேறு ஏதாவதா? ஈரலுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?” என்பது கேள்வி.

பாதி விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பாராசிட்டமால் பாராசிட்டமாலாகவே இருக்கும்வரை ஈரலுக்கு சாதுவான பொருள்தான். ஈரல்தான் அதில் ஒரு சிறு பங்கை எடுத்துத் தன் கையாலேயே நஞ்சாக்குகிறது. அந்த நஞ்சை அடக்கும் சரக்கும் அதனிடமே இருக்கிறது. சரக்கு கையிருப்பில் உள்ளவரை ஒன்றும் ஆகாது. தீரும் நேரத்தில் எல்லாம் சேர்ந்து ஆகும். மருந்தியல் பாடத்தில் வருஷா வருஷம் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன், பிள்ளைகள் தடுமாறும் இடமும் வருஷா வருஷம் இதுதான். நஞ்சென்றால் வெளியிலிருந்து வருவது என்றே நமக்கெல்லாம் பதிந்து போயிருக்கிறது.

மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரம் போல ஆனதும் இரத்தத்தில் மருந்து உச்சத்தைத் தொடும். அதை வெளியேற்ற ஈரல் பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, மருந்தோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டிவிடுவது. மற்றது, சல்பேட்டை ஒட்டிவிடுவது. ஒட்டியபின் அது தண்ணீரில் நன்றாகக் கரையும், சிறுநீரோடு போய்விடும். பெரியவர்களுக்குப் பாதிக்கு மேல் முதல் வழியில் கழிகிறது, சுமார் மூன்றில் ஒரு பங்கு இரண்டாவது வழியில். சின்னக் குழந்தைகளுக்கு சல்பேட் வழிதான் பெரிது. கொஞ்சம் மாறாமல் அப்படியே வெளியேறும்.

மிச்சமிருக்கும் 5 முதல் 10 சதவீதத்தில்தான் நம் கதை. சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் ஈரலில் உண்டு. அதில் சைப் 2ஈ1 என்ற நொதி பாராசிட்டமாலிடமிருந்து இரண்டு ஹைட்ரஜன்களைப் பிடுங்கிவிடுகிறது. பிடுங்கியதும் அது என்-அசிட்டைல்-பாரா-பென்சோகுவினோன் இமைன் என்ற பொருளாகிறது. வாயில் நுழையாத பெயர் என்பதால் எல்லாரும் நாப்கி என்கிறோம். எலக்ட்ரானுக்கு ஏங்கும் மூலக்கூறு இது, கந்தகம் கண்ணில் பட்டால் போய் ஒட்டிக்கொள்ளும். புரதங்களில் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் இருக்குமிடமெல்லாம் கந்தகம் இருக்கிறது. ஈரல் செல்லின் புரதங்களில் அதற்குக் குறைவே கிடையாது.

அப்படியானால் முதல் மாத்திரையிலேயே ஈரல் வெந்திருக்க வேண்டுமே? குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு குறுக்கே நிற்பதால் வேகவில்லை. மூன்று அமினோ அமிலங்கள் கோத்தது அது, நடுவில் இருப்பது சிஸ்டின். ஈரல் செல்களில் தாராளமாக நிரம்பியிருக்கும். நாப்கி உண்டான கையோடு குளுட்டதயோனின் கந்தகத்தில் மாட்டிக்கொள்ளும், மாட்டியது சிறுநீரில் கழிந்துவிடும். காய்ச்சலுக்கு நீங்கள் ஒரு மாத்திரை போட்ட ஒவ்வொரு தடவையும் உங்கள் ஈரலில் இது நடந்திருக்கிறது.

அளவு மீறும்போது அடி ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் விழுகிறது. சல்பேட் கையிருப்பு முதலில் வற்றும், பிறகு குளுக்குரோனிக் வழியும் திணறும். அங்கே வழி அடைபட்ட மருந்தெல்லாம் பி450 பக்கம் திரும்பும். எனவே மருந்து இரண்டு மடங்கானால் நாப்கி இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அதே நேரத்தில் குளுட்டதயோன் செலவாகிக்கொண்டே வரும், செல் புதிதாகச் செய்யும் வேகம் செலவுக்கு ஈடு கொடுக்காது. கையிருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் தீர்ந்தபின்தான் புரதங்களில் நாப்கி பெருமளவில் ஒட்டத் தொடங்குகிறது என்பது சுண்டெலி ஆய்வுகளில் தெரிந்தது. அதனால்தான் ‘ஒரு மாத்திரை கொஞ்சம் கெடுக்கும், பத்து மாத்திரை பத்துப் பங்கு கெடுக்கும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் சரிவு.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1950-களின் நடுவில் அமெரிக்காவில் டைலெனால், பிரிட்டனில் பனடோல் என்று பாராசிட்டமால் கடைக்கு வந்தது. வயிற்றைப் புண்ணாக்கும் ஆஸ்பிரினுக்குச் சாதுவான மாற்று என்றே பேர். 1966-ல் எடின்பரோவிலிருந்து டேவிட்சன், ஈஸ்ட்ஹாம் என்ற இரு மருத்துவர்கள், அளவு மீறி உட்கொண்ட இரண்டு பேருக்கு ஈரல் அழுகியதை எழுதினார்கள். மருந்து நேரடியாக எரிக்கிறதா, வேறு ஏதாவதா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1973-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெர்ரி மிட்சல், டேவிட் ஜாலோ, ஜேம்ஸ் கில்லட், பெர்னார்ட் பிராடி முதலானவர்கள் அடுத்தடுத்து வெளியிட்ட ஆய்வுகள் முடிச்சை அவிழ்த்தன. சுண்டெலிகளுக்கு பீனோபார்பிட்டால் கொடுத்து பி450 நொதிகளைத் தூண்டிவிட்டார்கள், ஈரல் சேதம் கூடியது. வேறு சுண்டெலிகளில் அதே நொதிகளை மடக்கினார்கள், சேதம் குறைந்தது. உடம்பில் எவ்வளவு மருந்து நிற்கிறது என்பதற்கும் ஈரல் எவ்வளவு செத்தது என்பதற்கும் பொருத்தமே இல்லை! அப்படியென்றால் குற்றவாளி மருந்தல்ல, நொதி செய்து தரும் ஏதோ ஒன்று. அடுத்து, குளுட்டதயோனை முன்கூட்டியே காலி செய்துவிட்டு மருந்து கொடுத்தார்கள், சேதம் பெருகியது. சிஸ்டினைக் கொடுத்தார்கள், ஈரல் தப்பியது. நஞ்சை முறிக்கும் மாற்று மருந்துக்கான யோசனை அந்த வரியிலேயே வந்துவிட்டது. நாப்கியை நொதியின் விளைபொருளாகக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டியது 1984-ல்தான். 1996-ல் சைப் 2ஈ1 மரபணுவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிச் சோதித்தபோது, மற்றவற்றைக் கொன்ற அளவை அவை தாங்கிக்கொண்டன.

இதில் ஒரு சுவாரசியம். இதே பிராடிதான் 1948-ல் ஜூலியஸ் ஆக்சல்ராடோடு சேர்ந்து, அசிட்டனிலைடு என்ற பழைய காய்ச்சல் மருந்து உடம்பில் பாராசிட்டமாலாக மாறித்தான் வலியைத் தணிக்கிறது என்று காட்டியவர். பாராசிட்டமாலே ஒரு காலத்தில் இன்னொரு மருந்தின் விளைபொருளாகத்தான் கவனத்துக்கு வந்தது. அதன் கெட்ட விளைபொருளைத் தேடிய குழுவிலும், கால் நூற்றாண்டு கழித்து, அவரே இருந்தார்.

சரி, ஒட்டிக்கொண்டால் செல் ஏன் சாக வேண்டும்? எங்கே ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம். பாராசிட்டமாலின் உடன்பிறப்பு போன்ற ஒரு மூலக்கூறு உண்டு, ஒரு தொகுதி மட்டும் இடம் மாறி அமர்ந்தது. சுண்டெலி ஈரலில் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு புரதங்களில் ஒட்டும், ஆனால் ஈரல் சாகாது. பாராசிட்டமாலின் நாப்கி மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் போய் ஒட்டுவதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மைட்டோகாண்ட்ரியா செல்லின் அடுப்பு. அங்கே ஒட்டியதும் எரிப்பு தாறுமாறாகி, சூப்பர்ஆக்சைடு, பெராக்சிநைட்ரைட் போன்ற மூர்க்கமான மூலக்கூறுகள் கிளம்பும். அவற்றை அணைக்க வேண்டிய குளுட்டதயோன்தான் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதே. இந்தக் கலவரத்தில் ஜே.என்.கே. என்ற புரதம் விழித்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்கே போய் நிலைமையை இன்னும் மோசமாக்கும். கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை திறக்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யின் உற்பத்தி நின்றுவிடும். உள்ளே அடைபட்டிருந்த நொதிகள் கசிந்து உட்கருவுக்குப் போய் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டும். செல் ஊதி வெடிக்கும், உள்ளிருந்த எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியெல்லாம் இரத்தத்தில் கொட்டும். இரத்தப் பரிசோதனையில் சாதாரணமாக நாற்பதுக்குள் இருக்கும் எஸ்.ஜி.பி.டி. பத்தாயிரத்தைத் தாண்டுவது இந்த நோயில்தான் எங்களுக்கு ஆச்சரியம் தராது.

இறந்த ஈரலின் மெல்லிய சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்த வேதியியல் முழுவதும் ஒரு படமாகவே தெரியும். ஈரல் சிறு சிறு அறுகோணங்களாகப் பிரிந்தது. இரத்தம் ஓரங்களிலிருந்து நுழைந்து, நடுவில் இருக்கும் சிரைக்குள் வடியும். பாராசிட்டமால் தகட்டில் நடுச் சிரையைச் சுற்றி வட்டமாக, வெளிறிய இளஞ்சிவப்பில், உட்கரு மங்கிய செத்த செல்கள். ஓரத்துக்கு வந்தால் செல்கள் ஊதா உட்கருவோடு, ஒன்றுமே நடக்காதது போல வரிசையாக நிற்கும். இரண்டுக்கும் இடையே கோடு கிழித்த மாதிரி எல்லை. நாப்கியைச் செய்யும் சைப் 2ஈ1 நடுச் சிரையைச் சுற்றியே அதிகம். அங்கே ஆக்சிஜனும் குளுட்டதயோனும் குறைவு. நொதி எங்கே இருந்ததோ அங்கேதான் சாவு. ஓரத்தில் பிழைத்து நிற்கும் அந்த வரிசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

மருத்துவமனையில் இந்த நோயின் பெரிய சிக்கல், இது பொய் சொல்வதுதான். முதல் நாள் குமட்டல், ஒன்றிரண்டு வாந்தி, சோர்வு. சிலருக்கு அதுவும் இல்லை. இரண்டாம் நாள் வாந்தி நின்று, “இப்போ பரவாயில்லை, டாக்டர்” என்பார்கள். அந்த நேரத்தில் இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. ஏறிக்கொண்டிருக்கும், வலது விலாவுக்குக் கீழே இலேசான வலி தொடங்கியிருக்கும். மூன்றாம், நான்காம் நாள் உச்சம். மஞ்சள் காமாலை, இரத்தம் உறையாமை, சிலருக்குச் சிறுநீரகமும் பழுது, மூளைக்கு அம்மோனியா ஏறிக் குழப்பம், மயக்கம். கண் மஞ்சளானபின் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிட்டு வந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, காமாலை என்றால் நம் ஊரில் முதலில் கை போவது அங்கேதான். ஆனால் இந்தக் காமாலை வந்து சேரும்போது நஞ்சு தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

அதனால்தான் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து வைத்தியம் செய்கிறோம். உட்கொண்டு நான்கு மணி நேரம் ஆனபின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று அளந்து, ருமாக், மேத்யூ இருவரும் 1975-ல் வெளியிட்ட வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்ப்போம். கோட்டுக்கு மேலே விழுந்தால் மாற்று மருந்து உடனே. ஒரே தடவையில் உட்கொண்டு, நேரமும் தெரிந்திருந்தால்தான் அந்த வரைபடம் செல்லும். மூன்று நாளாக அளவு மீறிப் போட்டு வந்தவருக்கு அது உதவாது. அளவு பார்க்க வசதி இல்லாத ஊரில் சந்தேகத்தின் பேரிலேயே தொடங்கிவிடுவதுதான் சரி என்பேன்.

அந்த மாற்று மருந்து என்-அசிட்டைல்சிஸ்டின், வார்டில் நாக் என்போம். நெஞ்சுச் சளியை இளக்குவதற்காக ஏற்கெனவே இருந்த மருந்து. குளுட்டதயோனையே ஊசியில் ஏற்றினால் அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. அதைச் செய்வதற்கான சிஸ்டினைக் கொடுத்தால் செல் தானே செய்துகொள்ளும். எடின்பரோவின் லாரி பிரெஸ்காட் 1974-ல் முதலில் சிஸ்டியமைன் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஈரல் தப்பியது, ஆனால் நோயாளி வாந்தியில் தவித்தார். பிறகு என்-அசிட்டைல்சிஸ்டினுக்கு மாறி, 1979-ல் நூறு பேரின் அனுபவத்தை வெளியிட்டார். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரல் அநேகமாக முழுதாகத் தப்பும். தாமதமானாலும் கொடுப்போம், பலன் குறையுமே தவிர இல்லாமல் போவதில்லை. ஆம்பியூலை உடைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வார்டெங்கும் பரவும், பயிற்சி டாக்டர்கள் மூக்கைப் பொத்துவார்கள். “அந்த நாற்றம்தான் கந்தகம், நாப்கி ஒட்டிக்கொள்ளப் போவதும் அதிலேதான்” என்று சொன்னால் அதன்பின் யாரும் இந்தப் பாடத்தை மறப்பதில்லை.

யாருக்கு எல்லை சீக்கிரம் வரும்? குளுட்டதயோன் குறைவாக இருப்பவருக்கும், நாப்கி அதிகமாகச் செய்பவருக்கும். நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பவர், மெலிந்தவர் முதல் வகை. தினமும் குடிப்பவர் இரண்டு வகையிலும் சேர்த்தி, ஏனென்றால் மது சைப் 2ஈ1-ஐப் பெருக்கும், மைட்டோகாண்ட்ரியாவின் குளுட்டதயோனையும் குறைக்கும். ஒரு வேடிக்கை, மது வயிற்றில் இருக்கும் நேரத்தில் அந்த நொதி மதுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், நாப்கி குறைவாகவே உண்டாகும். போதை இறங்கிய மறுநாள் காலை, தலைவலிக்காக மாத்திரையைத் தேடும் நேரத்தில்தான் பெருகிய நொதி சும்மா இருக்கிறது. காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும், அதுவும் அதே நொதியோடு விளையாடும் மருந்து.

இப்போது உங்கள் முதல் கேள்வி. சாதாரணப் பெரியவருக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராம்தான் உச்ச வரம்பு. அது இலக்கு அல்ல, சுவர். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். தினமும் குடிப்பவர், ஈரல் நோயுள்ளவர், மெலிந்தவர் என்றால் 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்றே சொல்வோம். ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வாரம் தினமும் 4 கிராம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் எஸ்.ஜி.பி.டி. இயல்பின் மூன்று மடங்கைத் தாண்டியது. யாருக்கும் நோய் வரவில்லை. ஆனாலும் சுவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது. காய்ச்சலுக்கு இரண்டு மூன்று நாள், வேளைக்கு ஒன்று என்று போடுபவர் பயப்பட ஒன்றுமில்லை. டெங்குவில்கூட வலி மாத்திரைகளைத் தவிர்த்துவிட்டு இதைத்தான், அளவோடு, கொடுக்கிறோம்.

என் கவலை வேறு. மெடிக்கல் ஷாப்பில் போய் “காய்ச்சல், உடம்பு வலி, சளி” என்றால் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி, மூன்று வேளைக்கு மூன்று செட் என்று காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். பெயர் அச்சான பகுதி கடையிலேயே நின்றுவிடும். செட்டில் இருக்கும் வெள்ளை மாத்திரை பாராசிட்டமால். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால். உடம்பு வலிக்கென்று போட்ட அசெக்ளோஃபினாக் மாத்திரைக்குள்ளும் அதுவே 325 மில்லிகிராம். வீட்டுக்கு வந்தும் காய்ச்சல் விடவில்லை என்று வீட்டில் இருக்கும் டோலோவையும் போடுகிறார். அவர் கணக்கில் நான்கு வெவ்வேறு மருந்து, ஈரல் கணக்கில் ஒன்றுதான். குழந்தை விஷயத்தில் பிழை வேறு மாதிரி. துளி மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் ஒரு மில்லியில் 25-தான். சிரப்பின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு டிராப்ஸை ஊற்றினால் நான்கு மடங்கு. பாட்டிலில் எழுதியதைப் படித்து, குழந்தையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. பூனைக்கு குளுக்குரோனிக் வழி ஏறக்குறைய கிடையாது, ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும். ஈரலுக்கு முன்னால் அதன் இரத்தச் சிவப்பணுக்கள் அடிபட்டு ஈறு பழுப்பாகிவிடும். பாவம் காய்ச்சலாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டுப் பாதி உடைத்தும் கொடுத்துவிடாதீர்கள்.

தகட்டில் ஓரத்தில் பிழைத்து நின்ற செல்களுக்கு வருகிறேன். ஆள் பிழைத்துவிட்டால் அவைதான் பிரிந்து பெருகி நடுவை நிரப்பும். பல வருஷக் குடியில் வரும் தழும்பு இதில் விழுவதில்லை. சில வாரம் கழித்து அதே ஈரலைப் பார்த்தால் என்ன நடந்தது என்றே சொல்ல முடியாத அளவுக்குச் சரியாகிவிடும். சிலருக்கு அந்த அவகாசம் கிடைக்காது. இரத்தத்தில் அமிலம் ஏறியவருக்கோ, இரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆறரையைத் தாண்டி, சிறுநீரகமும் நின்று, ஆழ்ந்த குழப்பத்தில் இருப்பவருக்கோ மாற்று ஈரல்தான் வழி. அந்த வரம்புகளை லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை 1989-ல் வகுத்தது, இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம்.

தெரியாமலோ தெரிந்தோ யாராவது அளவு மீறிப் போட்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தால், அவர் எவ்வளவு தெளிவாக உட்கார்ந்து பேசினாலும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே கேஷுவாலிட்டிக்கு அழைத்து வாருங்கள். மனம் உடைந்து போட்டவர் என்றால் வழியில் திட்ட வேண்டாம், கூடவே இருங்கள். வீட்டில் கிடக்கும் காலி அட்டை, சிரப் பாட்டில், மெடிக்கல் ஷாப் காகித உறை எல்லாவற்றையும் அள்ளி ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று எண்ணித்தான் நாங்கள் கணக்கையே தொடங்குகிறோம்.